ஏஜென்ட் மாமா ஊற்றிய வெந்நீர்

ஒரு பக்கம் ஒடுங்கிய அலுமினியக் கெட்டில் அது. கைப்பிடியில் சூடு தெரியாமல் இருக்கப் பழைய ஸ்வெட்டரின் கையை வெட்டிச் சுற்றிக் கட்டியிருந்தார்கள். அதன் மூக்கிலிருந்து தண்ணீர் நேராக விழாது, கொஞ்சம் இடப்புறமாகச் சாய்ந்துதான் விழும். அதனால் ஏஜென்ட் மாமா கெட்டிலைக் கோணலாகப் பிடித்துக்கொண்டு, நான் வண்டியின் முகப்பு விளக்கைத் தேய்க்கத் தேய்க்க, என் விரல்கள்மேல் வெந்நீரைச் சிறுகச் சிறுக ஊற்றிக்கொண்டிருந்தார். “வெரலு மரத்துப்போயிரும் அம்மிணி, மெதுவாத் தேயி” என்று அடிக்கொரு தரம் சொன்னார். ஐப்பசி மாதக் குளிரில் அந்த இதம் மணிக்கட்டுவரை ஏறியது. அப்பா இருந்திருந்தால் இப்படித்தான் ஊற்றியிருப்பார் என்று அன்று நினைத்தேன். இன்று நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

அவர் எங்களுக்குச் சொந்த மாமா இல்லை. அரவேணுப் பக்கத்தில் கால் ஏக்கர், அரை ஏக்கர் தேயிலை வைத்திருப்பவர்களிடம் கொழுந்தை எடை போட்டு வாங்கி, தன் பிக்கப் வண்டியில் ஏற்றி ஃபேக்டரியில் சேர்க்கும் ஏஜென்ட். அவருடைய குடும்பமும் எங்கள் குடும்பமும் காரமடைப் பக்கத்திலிருந்து பிழைப்புக்காக மலை ஏறியவை. அப்பா இறந்தபோது எல்லாக் காரியத்தையும் முன்னால் நின்று செய்தவர் அவர்தான். அண்ணனை டிரைவிங் பழகவைத்து, லைசென்ஸ் வந்த அன்றே தன் வண்டிச் சாவியை அவன் கையில் கொடுத்தார். நான் பிளஸ் டூ முடித்ததும் கோத்தகிரியில் ஒரு கார் சாமான் கடையில் சொல்லி எனக்கு வேலை வாங்கித் தந்ததும் அவர்தான். குரங்குக் குல்லாய்க்குள் முகம் மட்டும் தெரிய அவர் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றாலே அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிடும். “ஏனுங்க அம்மிணி, உங்க மகன் என்ற வண்டியவே கட்டிக்கிட்டானுங்க, இனி அவனுக்குப் பொண்ணு தேட வேண்டியதில்லீங்க” என்பார். எங்கள் இருவரையும் ஊர்க்காரர்களிடம் ‘நம்மூட்டுப் புள்ளைக’ என்றுதான் சொல்வார். அவர் அப்படிச் சொல்லும்போதெல்லாம் நான் உள்ளுக்குள் பூரித்துப்போவேன்.

அந்த வண்டிக்கும் வயதாகியிருந்தது. முகப்பு விளக்குகளின் பிளாஸ்டிக் மூடி வெயிலில் காய்ந்து, பனியில் ஊறி, மஞ்சளாகப் பழுத்துவிட்டிருந்தது. தோட்டத்துச் சந்துகளில் செடிக்குச்சிகள் உரசி உரசி அதன்மேல் முழுக்கக் கீறல்கள் வேறு. புளித்த மோர் குடித்துவிட்டுக் கழுவாமல் வைத்த கண்ணாடி டம்ளர் மாதிரி இருக்கும். விளக்கைப் போட்டால் வெளிச்சம் உள்ளேயே முடங்கிக் கிடக்கும், சாலையில் விழாது. மிஸ்ட் என்று நாங்கள் சொல்கிற மூடுபனி இறங்கிவிட்டால் அண்ணன் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டித்தான் வண்டி ஓட்டுவான். நனைந்த தலையோடு வீட்டுக்கு வருவான். விளக்கை மாற்ற வேண்டும் என்று அவன் மாமாவிடம் எத்தனையோ முறை சொன்னான்.

மலையில் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு ஒரு நம்பிக்கை உண்டு. மஞ்சள் வெளிச்சம்தான் மிஸ்ட்டுக்கு நல்லது என்பார்கள். மழைக்காலம் தொடங்கினால் விளக்கின்மேல் மஞ்சள் தாள் ஒட்டிக்கொள்ள எங்கள் கடைக்கு ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள். மாமா அதையே பிடித்துக்கொண்டார். “அவனவன் காசு குடுத்து மஞ்சத்தாளு ஒட்டறான். நமக்குத் தானா மஞ்சளாயிருக்குது. அதப் போயி மாத்தச் சொல்றியே?” என்று அண்ணனைக் கேட்பார். ஒட்டிய தாளில் வெளிச்சம் மஞ்சளாகவாவது வெளியே வரும், பழுத்த மூடியில் வெளிச்சமே வெளியே வராது என்று நான் சொன்னேன். “கடைக்காரி யாவாரம் பேச ஆரம்பிச்சுட்டாடா” என்று சிரித்தார். லீவு நாளில் நானே வந்து சும்மா தேய்த்துத் தருகிறேன் என்றபோதும் ஒப்பவில்லை. வண்டியை நிறுத்தினால் பறித்த கொழுந்து வாடிப்போகுமாம். அவர் சொன்ன விதத்தில் நாங்களும் சிரித்துவிட்டோம். அவரோடு சேர்ந்து சிரிப்பது எங்களுக்குப் பழக்கமாகியிருந்தது.

விளக்குத் தேய்க்கும் வேலை எனக்கு எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும். கடையில் நான் சீட் கவரும் மிதியடியும் விற்கத்தான் சேர்ந்தேன். மங்கிய விளக்கைத் தேய்த்துப் பளிச்சென்று ஆக்கும் வேலையை முதலாளி புதிதாகத் தொடங்கியபோது, அங்கிருந்த ஆண்பிள்ளைகளுக்குப் பொறுமை இல்லை. அழுத்தித் தேய்த்துப் புதுக் கீறல் போட்டு வைத்தார்கள். ஆகவே அது என் கைக்கு வந்தது. சுற்றியுள்ள பெயிண்ட்டில் படாமல் டேப் ஒட்டி, வாட்டர் பேப்பர் என்கிற சொரசொரப்பான உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து முதலில் தேய்க்க வேண்டும். பிறகு அதைவிட நைசான தாள், அதன்பின் இன்னும் நைசானது. அப்புறம் துணியில் காம்பவுண்ட் என்கிற பாலிஷ் பசையைத் தடவித் தேய்த்தால் மூடி தெளிந்துவிடும். கடைசியாகக் கிளியர் என்கிற நிறமில்லாத வார்னிஷை அடிக்க வேண்டும். அது அடிக்காவிட்டால் எத்தனை தேய்த்தாலும் அடுத்த மழைக்காலத்துக்குள் மறுபடி பழுத்துவிடும். வண்டி வந்தவுடனே, தாளைத் தொடுவதற்கு முன், விளக்கைப் போட்டோ எடுத்துவிடுவது எங்கள் கடை வழக்கம். இல்லாவிட்டால் வேலை முடிந்ததும் ‘முதல்லயே இப்படித்தானே இருந்துச்சு’ என்று சொல்கிற மகராசன்கள் உண்டு.

அந்த வருடம் ஐப்பசி மழை விடாமல் பிடித்துக்கொண்டது. ஒரு நாள் சாயங்காலம் கடைசி லோடு கொழுந்தை ஏற்றிக்கொண்டு வரும்போது, ஒரு திருப்பத்தில் குடைபிடித்து நடந்துபோன ஒருவர் கைக்கெட்டும் தூரத்தில் வந்த பிறகுதான் அண்ணன் கண்ணுக்குத் தெரிந்திருக்கிறார். வண்டியை ஒடித்தான். ஒடித்தும் பின்பக்கம் தட்டி அவருடைய கால் முறிந்தது. வண்டி தடுப்புச் சுவரில் உரசிக்கொண்டு போய் நின்றது. ஸ்டீயரிங் இடித்ததில் அண்ணனின் விலா எலும்பில் விரிசல். வண்டியின் பக்கவாட்டுக் கதவு நசுங்கியதே தவிர விளக்குகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. குன்னூர் ஆஸ்பத்திரியில் அண்ணனைச் சேர்த்ததும், வீட்டிலிருந்து கஞ்சி கொண்டுவந்து ஊட்டியதும் மாமாதான். போலீஸ் ஸ்டேஷன் பக்கம் மண் சரிந்து கிடந்ததால் வண்டியை அவர் வீட்டு வாசலிலேயே நிறுத்திவைக்கச் சொல்லியிருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மாமா எங்கள் வீட்டுக்கு வந்தார். அன்று குல்லாயைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். “போலீசுக்காரங்க வண்டியெல்லாம் பாத்து முடிச்சுட்டாங்க அம்மிணி. உங்கண்ணன் சீக்கிரமா ஊட்டுக்கு வந்துருவான். வந்து மறுக்கா அந்த மங்கலு லைட்டுலயே ஓட்டறதா? நீ சொன்னப்பவே நான் கேட்டிருக்கோணும்” என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. தப்பை ஒத்துக்கொள்கிற பெரிய மனுஷன் என்று நினைத்தேன். கடையில் மிஞ்சிய வாட்டர் பேப்பரும் ஒரு டப்பா காம்பவுண்டும் என் பையிலேயே கிடக்கும். எடுத்துக்கொண்டு அவர் பின்னாலேயே போனேன்.

அன்று நான் தேய்த்த மாதிரி வேறு எந்த விளக்கையும் தேய்த்ததில்லை. அண்ணன் தலையை வெளியே நீட்டாமல் ஓட்டப்போகிறான் என்ற நினைப்பிலேயே தேய்த்தேன். மஞ்சள் கரைந்து கஞ்சித்தண்ணீர் மாதிரி பம்பர்மேல் வழிந்தது. குழாய்த் தண்ணீரில் என் விரல்கள் விறைத்துப்போனதைப் பார்த்துவிட்டு மாமா உள்ளே போய்க் கெட்டிலோடு வந்தார். முதல் தாள் தேய்த்து முடித்துத் துடைத்தால் மூடி சுண்ணாம்பு அடித்ததுபோல வெள்ளையாகிவிடும், முன்னைவிட மோசமாகத் தெரியும். பார்க்கிற எல்லோரும் ஒரு நிமிடம் பதறத்தான் செய்வார்கள். ஆனால் மாமா பதறியது வேறு மாதிரி இருந்தது. “அய்யய்யோ, என்ன அம்மிணி இது, கெடுத்துப் போட்டியா? இன்னைக்குள்ள சரியாயிருமா?” என்று கேட்டவரின் முகம் வெளுத்துவிட்டது. கெட்டில் ஆடி வெந்நீர் என் முழங்கையில் கொட்டியது. இரண்டு விளக்குக்கு இவ்வளவு பயமா என்று எனக்குச் சிரிப்புதான் வந்தது.

மூடி தெளிந்து, உள்ளே இருந்த பல்பு கண்ணுக்குத் தெரிந்தபோது அவர் நீளமாக மூச்சு விட்டார். “கிளியர் அடிக்கோணுங்க மாமா, நாளைக்குக் கடையிலிருந்து எடுத்துட்டு வர்றேன், இல்லீன்னா மறுபடியும் பழுத்துரும்” என்றேன். “அதெல்லாம் அப்பறம் பாத்துக்கலாம் கண்ணு. இப்போதைக்குப் பளிச்சுன்னு இருந்தாப் போதும்” என்றார். தேய்த்துப் போட்ட தாள்களையெல்லாம் அவரே குனிந்து பொறுக்கி அடுப்பில் போட்டார். வாசலில் தேங்கியிருந்த மஞ்சள் தண்ணீரை வாளி வாளியாக ஊற்றிக் கழுவிவிட்டார். வயதான மனுஷன் நமக்காக இவ்வளவு செய்கிறாரே என்று மனம் நெகிழ்ந்துபோய் நின்றேன். கடைக்கு வருகிற கண்டவன் வண்டிக்கெல்லாம் எடுக்கிற போட்டோவை அன்று எடுக்கவில்லை. நம் வீட்டு வண்டிக்கு எதற்குப் போட்டோ?

திங்கட்கிழமை பிரேக் இன்ஸ்பெக்டர் வந்தார். விபத்து நடந்த வண்டியில் ஏதாவது கோளாறு இருந்ததா என்று பார்த்துச் சொல்கிறவர் அவர்தான் என்பதே எனக்கு அப்புறம்தான் தெரியும். கோளாறு இருந்தால் வண்டிக்குச் சொந்தக்காரர் பதில் சொல்ல வேண்டும். இல்லையென்றால் ஓட்டியவன் தலையில் விழும். பிரேக் நன்றாக இருந்தது, டயர் நன்றாக இருந்தது. விளக்குகள் என் புண்ணியத்தில் கடையிலிருந்து இறங்கியவை போல இருந்தன.

அண்ணனை ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்துவந்த கையோடு ஸ்டேஷனுக்கு வரச் சொன்னார்கள். மாமா எங்களுக்கு முன்பே வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். லைட்டில் ஒன்றுமே தெரியவில்லை என்று அண்ணன் மார்பைப் பிடித்துக்கொண்டு சொன்னான். லைட் எல்லாம் அருமையாக இருக்கிறதே, நீ தூங்கிவிட்டாயா என்று சப்-இன்ஸ்பெக்டர் கேட்டார். எனக்கு அப்போதுதான் எல்லாம் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு புரிந்தது. “நான்தானுங்க சார் ஞாயித்துக்கெழம தேச்சேன்! மாமாதான் தேய்க்கச் சொன்னாரு. கெட்டில்ல தண்ணி ஊத்துனதே அவருதான், கேளுங்க சார்!” என்று கத்தினேன்.

மாமா எழுந்து என் பக்கத்தில் வந்தார். கோபப்படுவார், மறுப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் என் தலையில் கை வைத்தார். “இந்தப் புள்ள பொய் சொல்றதில்லீங்க சார். அண்ணன் மேல உசுரு. தேச்சது நெசந்தான், அது மழைக்கு முன்னாலயே தேச்சுக் குடுத்துதுங்க. பதட்டத்துல நாள் மாத்திச் சொல்லுது. கோவிச்சுக்காதீங்க” என்றார். அந்தக் குரலில் அத்தனை பாசம் இருந்தது. எனக்காகப் பரிந்து பேசியே என்னைப் பொய்யாக்கிவிட்டார். சப்-இன்ஸ்பெக்டர் நல்ல மனிதர்தான். “போட்டோ கீட்டோ ஏதாச்சும் வெச்சிருக்கியாம்மா?” என்று கேட்டார். என் போனில் அந்த வாரம் தேய்த்த அத்தனை வண்டிகளின் விளக்குகளும் இருந்தன.

வெளியே அந்தப் பிக்கப் நின்றிருந்தது. அண்ணன் மெதுவாக அதன் முன்னால் போய் நின்றான். சிரமப்பட்டுக் குனிந்து, விளக்கின்மேல் ஒரு விரலை வைத்து இழுத்துப் பார்த்தான். “நல்லாத்தான் தேச்சிருக்கறே” என்றான். அவனுக்குக் குத்திக்காட்டிப் பேசத் தெரியாது. அதனால்தான் அது என்னை அப்படிக் குத்தியது.

நான் செய்தது தப்பு என்று இன்றுவரை நான் ஒத்துக்கொண்டதில்லை. யாராவது சொன்னால் சண்டைக்குப் போவேன். மங்கிய விளக்கைத் துலக்குவது எந்த ஊரில் தப்பு? என்னை ஏமாற்றியவர் ஒரு அயலான் என்றால் திட்டித் தீர்த்துவிட்டு மறந்திருப்பேன். எங்கள் வீட்டுச் சாவுக்கு முன்னால் நின்றவர், எனக்கு எதில் கண் கலங்கும், அண்ணனுக்கு எதில் வாய் அடைக்கும் என்று அறிந்தவர், அந்த அறிவையே எங்கள்மேல் பயன்படுத்தினார். அண்ணனை எதிர்த்து நிற்க அவருக்கு ஆள் தேவைப்பட்டிருக்கிறது. அதற்கு அவனுடைய தங்கையின் கைகளையே எடுத்துக்கொண்டார்.

அண்ணன் கோர்ட்டில் குற்றத்தை ஒத்துக்கொண்டான். லைசென்ஸை நிறுத்திவைத்தார்கள். அது திரும்ப வந்த பிறகும் அவன் ஸ்டீயரிங்கைத் தொடவில்லை. மேட்டுப்பாளையத்தில் ஓர் உருளைக்கிழங்கு மண்டிக்கு மூட்டை ஏற்றி இறக்கப் போய்விட்டான். கீழே மிஸ்ட் இல்லை என்று அம்மாவிடம் சொன்னானாம். போனது வேலை மட்டும் என்றால் பொறுத்துக்கொண்டிருப்பேன். கொஞ்ச நாளில் அவனே தன்னைச் சந்தேகப்பட ஆரம்பித்தான். “இன்ஸ்பெக்டரும் நல்லா இருந்துதுன்னு சொன்னாரு, மாமாவும் சொல்றாரு. நாந்தான் கண்ணசந்துட்டனோ என்னமோ” என்பான். கால் முறிந்தவரை இரண்டு தடவை போய்ப் பார்த்து மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தான். நான் மூச்சு முட்டச் சொன்னாலும், “நீ என்ற தங்கச்சி, அப்பிடித்தான் சொல்லுவே” என்று முடித்துவிடுவான். ஸ்டேஷனில் மாமா சொன்னதும் அதேதான். கேஸ் முடிந்ததும் வண்டியை நெல்லியாளத்தில் இருக்கும் மருமகனிடம் அனுப்பிவிட்டதாகக் கேள்விப்பட்டேன். கிளியர் அடிக்காத அந்த விளக்குகள் எங்கோ ஒரு மேட்டில் மெதுவாகப் பழுத்துக்கொண்டிருக்கும் என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

இப்போது எனக்குச் சொந்தமாக ஒரு சின்னக் கடை இருக்கிறது, குன்னூர் போகிற சாலையில். போன ஐப்பசியில் ஒரு நாள் மதியம், மழை சற்று விட்டிருந்த நேரத்தில், அந்தப் பிக்கப் வந்து நின்றது. நசுங்கிய கதவை மாற்றியிருந்தார்கள். விளக்குகள் பழையபடி புளித்த மோர் நிறத்துக்கு வந்திருந்தன. அதே குரங்குக் குல்லாயோடு ஏஜென்ட் மாமா இறங்கினார். மெலிந்திருந்தார். மருமகன் புது வண்டி வாங்கியதால் இது திரும்ப வந்துவிட்டதாம், இப்போது டிரைவர் இல்லை, அவரே ஓட்டுகிறாராம்.

“நல்லா இருக்கியா அம்மிணி? மிஸ்ட்டுல ஒண்ணுமே தெரிய மாட்டேங்குது. பழையபடி பளிச்சுன்னு ஆக்கிக் குடு கண்ணு” என்றார், நேற்றுதான் எங்கள் வீட்டில் டீ குடித்துவிட்டுப் போனவர் மாதிரி.

“மஞ்சள் வெளிச்சந்தானுங்களே மிஸ்ட்டுக்கு நல்லது?” என்று கேட்டேன். அவர் சாலையைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஏதாவது சொல்வார் என்று நானும் காத்திருந்தேன். ஒரு வார்த்தை, பொய்யாகவாவது. ஒன்றும் வரவில்லை. நான் டேப்பை எடுக்க உள்ளே போய்விட்டுத் திரும்பி வந்தபோது, பக்கத்து டீக்கடையில் கேட்டு வாங்கிய கெட்டிலோடு விளக்கின் அருகில் தயாராக நின்றிருந்தார்.

“இருங்க, மொதல்ல போட்டோ எடுத்துக்கறேன். அப்பிடியே நில்லுங்க” என்றேன். அவர் நகரப் பார்த்தார். “நில்லுங்க” என்று மறுபடி சொன்னேன். நின்றார். எடுத்தேன்.

திருப்பி அனுப்பிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றாமல் இல்லை. ஆனால் அந்தச் சாலையில் குடை பிடித்து நடக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்களே. தேய்த்தேன். விரல்மேல் வெந்நீர் விழுவதற்கு முன் கையை இழுத்துக்கொண்டு, “பச்சத் தண்ணியே போதுங்க” என்றேன். வேலை முடியும்வரை அவர் கெட்டிலைக் கையில் வைத்தபடியே நின்றார். கிளியரும் அடித்தேன், இரண்டு கோட்டிங். அவர் போன பிறகுதான் ஒரு தடவைகூட நான் அவரை மாமா என்று கூப்பிடவில்லை என்பது நினைவுக்கு வந்தது.

தீபாவளிக்கு அண்ணன் மேலே வந்தபோது போனை அவனிடம் நீட்டினேன். இந்த வண்டியின் முகத்தை அவன் இத்தனை வருடம் பார்க்கவில்லை. இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினான். விளக்கை மட்டும் நெடுநேரம் பார்த்தான்.

“அன்னைக்கும் இப்பிடியேதான இருந்துச்சு?” என்றான். நான் தலையாட்டினேன். “இதுலயா நான் ஓட்டுனேன்?” என்றான். “இதுலயா பாப்பா ஓட்டுனேன்?” அப்புறம் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு அழுதான். அம்மா உள்ளேயிருந்து ஓடி வந்தாள். அவன் அப்படி அழுது நாங்கள் பார்த்ததே இல்லை.

அழுது ஓய்ந்த பிறகு மறுபடி போனை எடுத்தான். இந்த முறை படத்தை நகர்த்தி, விளக்கின் பக்கத்தில் நின்றவரைப் பார்த்தான். அவர் கேமராவைப் பார்க்காமல் எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார்.

“கையில என்ன அது, கெட்டிலா?”

“ஆமா. வெந்நீர்.”

“ஊத்துனாரா?”

“வந்தாரு. நான் ஊத்த வுடலை” என்றேன்.